கும்போ பிடித்துவைத்த பெட்டி

கியாரியின் பெட்டி பெருங்கடலைத் தாண்டி வந்தது. துறைமுகக் கொட்டகையில் வாரக்கணக்கில் தூங்கியது. மூன்று நாட்டுச் சுங்கக்காரர்களிடமும் முத்திரை குத்திக்கொண்டது. பால் விற்கிற ஒரு பெண்ணைத் தாண்டி வருவதற்கு மட்டும் அதனால் முடியவில்லை.

பெட்டியைக் கடைசியாக ஏற்றி வந்தது என் வண்டி. தனூத் நகரத்திலிருந்து வடக்கே புல்துவா வரை என்னுடைய பிக்கப் ஓடுகிறது. ஆள், ஆடு, கம்பு மூட்டை, கல்யாணக் கட்டில் என்று எதையும் ஏற்றுவேன். என் பெயர் லவாலி. நான் ஹௌசா இனத்தவன். இந்தக் கதையில் அது முக்கியம். ஏன் என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன், முதலில் பெட்டி.

புல்துவாவில் தண்ணீர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறைய இருக்கிறது. ஆனால் தரைக்கு மிகவும் கீழே, ஒரு மசூதிக் கோபுரத்தின் மேல் இன்னொன்றை வைத்து, அதன் மேல் மூன்றாவதையும் வைத்துத் தலைகீழாகப் புதைத்தால் எட்டும் ஆழத்தில். அங்கே ஆழ்துளைக் குழாய்க்குள் ஒரு மோட்டார் தண்ணீரில் முங்கிக் கிடக்கிறது. மேலே வேலி போட்ட திடலில் சோலார் தகடுகள் வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கின்றன. வெயிலுக்கு எங்களிடம் பஞ்சமே கிடையாது. ஆனால் தகடு பேசுகிற மின்சாரம் வேறு, மோட்டாருக்குப் புரிகிற மின்சாரம் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷிதான் பெட்டி. வெயில் ஏறினால் மோட்டாரை வேகமாகச் சுற்றச் சொல்லும், மேகம் மறைத்தால் மெதுவாகச் சுற்றச் சொல்லும். நான் அதன் எதிரே உட்கார்ந்து, எண்கள் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்த்தே பல மதியங்களைக் கழித்திருக்கிறேன்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் அந்தப் பெட்டி கருகிப்போனது. எங்கள் நாட்டில் யாரும் அதைச் செய்வதில்லை. வெளியிலிருந்துதான் வர வேண்டும். கடல் இல்லாத நாடு தெருவாசல் இல்லாத வீடு மாதிரி. எது வந்தாலும் பக்கத்து வீட்டு முற்றம் வழியாகத்தான் வர வேண்டும். அந்தச் சமயம் பார்த்து ஒரு பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம், எல்லையை மூடிவிட்டார்கள். ஆகவே கப்பல் வேறு துறைமுகத்தைத் தேடிப் போனது. அங்கிருந்து கிளம்பிய லாரி, காவல் படை துணைக்கு வரும்வரை காத்துக்கிடந்து, மற்ற லாரிகளோடு வரிசை கட்டி ஊர்ந்தது. பெட்டியின் விலையைவிட அது வந்த வழியின் விலை அதிகம். எங்கள் ஊரில் ஆணியும் அப்படித்தான், மருந்தும் அப்படித்தான்.

அதுவரை புல்துவாக்காரர்கள் பழைய கிணற்றில் கழுதை கட்டி இறைத்தார்கள். கயிற்றின் ஒரு முனையில் தோல்வாளி, மறுமுனையில் கழுதை. கிணறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் கழுதை நடந்தால்தான் வாளி மேலே வரும். எங்கள் கிணற்றின் ஆழத்தைப் பார்க்க யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கழுதைத் தடத்தின் நீளத்தைப் பார்த்தால் போதும். நாள் முழுக்க இறைத்தாலும் ஊருக்கும் ஆடுகளுக்கும்தான் காணும். மாட்டு மந்தைகளுக்கு வழியே இல்லை.

கியாரிதான் பம்பு நிலையத்தின் பொறுப்பாளர். கானூரி இனத்தவர். நல்ல உயரம், பெரிய சிரிப்பு, சுத்தமான வேலை. பெட்டி தனூத்துக்கு வந்து சேர்ந்தது என்று கேட்டதும் மனிதர் நேரே ஊர் வானொலி நிலையத்துக்குப் போய், "வியாழக்கிழமை முதல் புல்துவாவில் தண்ணீர் உண்டு, மந்தைகள் வரலாம்" என்று அறிவித்துவிட்டார். வெயில் காலத்தின் உச்சம் அது. குட்டைகள் எல்லாம் காய்ந்துவிட்டன. மேற்கே இன்னொரு பம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மந்தைகள் அந்தக் குரலைக் கேட்டுப் புல்துவா பக்கம் திரும்பின. ஒரு முறை திரும்பிவிட்ட மாட்டுக்கு மறுபடி திரும்புகிற தெம்பு இருக்காது.

புதன்கிழமை காலையில் பெட்டியைப் பழைய மெத்தையில் சுற்றி, என் இருக்கைக்குப் பின்னால் கட்டினேன். மேலே கொட்டை எழுத்தில் "கியாரி, புல்துவா" என்று எழுதியிருந்தது.

பாதி வழியில் கெசாரி சந்தை. அங்கே கும்போ ஏறினாள். மாடு மேய்த்து இடம் மாறி வாழ்கிற ஃபுலானி இனத்துப் பெண். நெய்யும் தயிரும் விற்று முடித்து, காலிச் சுரைக்குடுவைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். உட்கார இடம் தேடியவள் பெட்டியின் மேல் இருந்த பெயரைப் பக்கத்திலிருந்த பையனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். முகம் மலர்ந்தது. மெத்தையின் மேல் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"லவாலி, இது என் அடிமையோட பெட்டி. நான் பிடிச்சு வெச்சுட்டேன். எல்லாரும் சாட்சி!"

வண்டி முழுக்கக் கைதட்டல்.

ஃபுலானிக்கும் கானூரிக்கும் கேலி உறவு. யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. ஃபுலானி கானூரியை "என் அடிமை" என்பான், கானூரியும் அதையே திருப்பிச் சொல்வான். என்ன திட்டினாலும் கோபம் வரக்கூடாது. வந்தால் வந்தவருக்குத்தான் அவமானமும் கேடும் என்பார்கள். ஒருவர் பொருளை மற்றவர் பிடித்து வைக்கலாம். பொருளுக்குச் சொந்தக்காரர், வெற்றிலை பாக்கு மாதிரி எங்கள் பக்கத்தில் மரியாதைக்குக் கொடுத்து மெல்லுகிற கோலாக் கொட்டையோடு வந்து, நாலு பேர் முன்னால் "நான் உங்கள் அடிமை" என்று சொல்லி மீட்டுக்கொண்டு போக வேண்டும். இந்த விளையாட்டில் மூன்றாமவன் கை வைக்கக்கூடாது. நான் ஹௌசாக்காரன், அதாவது மூன்றாமவன்.

ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். "கும்போ அக்கா, விளையாடாதீங்க. அதுக்குள்ள இருக்கறது உங்க மாட்டுக்குத் தண்ணி."

வண்டி குலுங்கிச் சிரித்தது.

"தண்ணியா! இந்தப் பெட்டிக்குள்ளயா? கானூரிக்காரன் உனக்கு எவ்வளவு கோலாக் கொட்டை குடுத்தான் இப்படிச் சொல்லச் சொல்லி? நாலாவது பொண்டாட்டிக்கு அத்தர் வாங்கியிருப்பான்."

"சத்தியமாச் சொல்றேன். பம்போட பெட்டி அது."

"அடேங்கப்பா, முகத்தைப் பாரு! அழுகிற மாதிரியே நடிக்கிறான். ஹௌசாவுக்கு வியாபாரம்தான் வரும்னு நெனச்சேன், கூத்தும் வருது."

நான் எவ்வளவு உண்மை பேசினேனோ அவ்வளவு நல்ல நகைச்சுவையாக அது போய்ச் சேர்ந்தது. கேலி உறவு தொடங்கிவிட்டால் எதிர்ப்பக்கத்துக்காகப் பேசுகிற எல்லாமே பொய் என்றுதான் கணக்கு. அவளுடைய முகாமுக்குப் பிரியும் வேலமரத்தடியில் கழுதையோடு ஆள் நின்றது. பெட்டி கழுதை மேல் ஏறியது. "வரச் சொல்லு அவனை! கோலா நல்லதா இருக்கணும்!" என்று கத்தியபடி போனாள்.

புல்துவாவில் இறங்கி விஷயத்தைச் சொன்னதும் கியாரி தொடையில் தட்டிச் சிரித்தார். வேறு என்ன செய்வார்? அதுதானே முறை. சிரித்து முடித்ததும் கை தொடையிலேயே நின்றுவிட்டது. வேலிக்கு வெளியே மாடுகள் படுத்திருந்தன. முதலில் வந்த மந்தை கும்போவின் தம்பி காடோவினுடையது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கி, நாக்கு தடித்து, கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தன. அடிவானத்தில் இன்னும் புழுதி எழுந்துகொண்டிருந்தது.

காடோ மெலிந்த இளைஞன். பனையோலைத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே கேட்டான்: "அடிமை, என் அக்கா உன் பெட்டியை வெச்சிருக்கான்னா, என் மாட்டுக்கு எப்பத் தண்ணி?"

"உன் அக்காவைத்தான் கேக்கணும்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் எழுந்திருக்காதுங்க." அதை அவன் சாதாரணமாகச் சொன்னான்.

கும்போவின் முகாமில் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. விடிந்ததும் கியாரி, காடோ, நான் மூவரும் வண்டியில் கிளம்பினோம். கியாரி ஊரிலேயே நல்ல கோலாக் கொட்டைகளாகப் பொறுக்கி ஈரத்துணியில் கட்டி மடியில் வைத்திருந்தார். வழியெல்லாம் இருவரும் ஒருவரை ஒருவர் விடவில்லை.

"உங்க ஆளு ஒருத்தன் பொண்டாட்டி காணாமப் போனப்ப மூணு நாள் கழிச்சுத்தான் தேடினானாம். மாடு காணாமப் போனப்ப சோத்துத் தட்டோட ஓடினானாம்" என்றார் கியாரி.

"மாடு திரும்பக் கிடைக்காதே! உங்க ஆளுங்களுக்கு அந்தச் சோத்துத் தட்டு மட்டும் பத்திரமா இருந்தாப் போதும்" என்றான் காடோ.

இருவர் குரலிலும் கேலி இருந்தது, கண்கள் மட்டும் தடத்தை விட்டு நகரவில்லை.

முகாம் இருந்த இடத்தில் சாம்பலும் கன்று கட்டிய முளைகளின் குழிகளும்தான் இருந்தன. காடோ குனிந்து தரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ரேடியோ கேட்டுட்டாங்க."

"என்ன?"

"'புல்துவாவுல தண்ணி'ன்னு நீதானே சொன்னே? மூட்டை கட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. குறுக்கு வழியா."

ஆக, எந்தப் பெட்டி இல்லாமல் தண்ணீர் வராதோ, அந்தப் பெட்டியையும் கட்டிக்கொண்டு, அந்தத் தண்ணீரை நம்பி, கும்போ எங்கள் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அதுவும் காளை மாட்டின் மேல், காளை மாட்டின் வேகத்தில். கியாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் என்ஜினைக் கிளப்பினேன்.

மணலில் வண்டி ஓட்ட ஒரு ரகசியம் உண்டு. டயரில் காற்றைக் குறைத்தால் அது ஒட்டகத்தின் பாதம் மாதிரி அகன்று விரியும். மணல் மேல் மிதக்கும். அப்படியும் இரண்டு முறை புதைந்தோம், தோண்டினோம். வெயில் உச்சிக்கு வந்தபோது தொலைவில் அவர்களைப் பார்த்தோம். காளைகளின் முதுகில் கட்டில் கழிகள், பாய்கள், அடுக்கடுக்காகச் சுரைக்குடுவைகள். நடுக்காளையின் உச்சியில் மெத்தை சுற்றிய பெட்டி. அதன் மேல் ஒரு கோழி.

"வந்துட்டான் என் அடிமை!" என்றாள் கும்போ. பெண்கள் எல்லாம் ஓடி வந்து வட்டமிட்டார்கள்.

கியாரி செருப்பைக் கழற்றினார். மடியிலிருந்து கோலாவை எடுத்து இரு கையாலும் நீட்டினார். "நான் கியாரி. என் அப்பன் ஃபுலானிக்கு அடிமை. என் தாத்தன் ஃபுலானியோட கன்னுக்குட்டிக்கு அடிமை. நான் அந்தக் கன்னுக்குட்டியோட வாலுக்கு அடிமை. போதுமா தாயே?"

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். கும்போ ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்தாள். "பரவாயில்லை. இப்பச் சொல்லு, அத்தர்தானே உள்ளே?"

"தண்ணி" என்றார் கியாரி.

மறுபடியும் சிரிப்பு.

காடோ முன்னால் வந்தான். "அக்கா, உண்மைதான். நம்ம மாடெல்லாம் வேலியோரம் விழுந்து கிடக்கு. இந்தப் பெட்டி இல்லாமப் பம்பு ஓடாது."

கும்போ தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். "உனக்கும் அத்தர் குடுத்துட்டானா?"

"நம்ம செவலை நேத்திலேருந்து எழுந்திருக்கலை அக்கா."

மாட்டின் பெயரைச் சொல்லி ஃபுலானிக்காரன் விளையாட மாட்டான். கும்போவின் வாயில் மெல்லுவது நின்றது. பெட்டியைப் பார்த்தாள், மேலே இருந்த கோழியைப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் தட்டியதில் கோழி பறந்தது. அதோடு நில்லாமல் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அட கழுதைக்குப் பிறந்தவனே! இது தெரிஞ்சும் என் கையில குடுத்தியா?"

"சொன்னேனே அக்கா! சத்தியம் பண்ணினேனே!"

"சிரிக்கிற மாதிரிச் சொன்னா யாரு நம்புவா?"

நியாயம் கேட்க நேரமில்லை. பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவளும் வண்டியில் ஏறிவிட்டாள். குழி வரும்போதெல்லாம் குழந்தையைத் தூக்குவது மாதிரி அதைத் தூக்கிப் பிடித்தாள்.

புல்துவாவுக்கு வரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சோலார் பம்புக்கு அதுதான் எமன். சூரியன் இறங்க இறங்கத் தகட்டின் பலம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனால் மோட்டார் நின்றுவிடும், பிறகு காலையில்தான். மாடுகளுக்குக் காலை வரை தவணை இல்லை.

கியாரி பெட்டியைச் சுவரில் மாட்டினார். திருகுகளை முடுக்கினார். தகட்டின் கம்பிகளை ஒரு பக்கம், மோட்டாரின் கம்பிகளை மறு பக்கம் பொருத்தினார். ஓடிப்போய்த் தொட்டியருகே குழாய் வாயைத் திறந்து வைத்தேன். கியாரி விசையைப் போட்டார். பெட்டியின் முகத்தில் பச்சை விளக்கு. எண்கள் ஏறின. எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள்.

புஸ்ஸென்று காற்று வந்தது.

"ஆச்சு, என் காளை முதுகுல குலுங்கிக் கெட்டுப்போச்சு" என்றாள் கும்போ.

"இல்லக்கா, காத்து வந்தா நல்லது" என்றேன். "இத்தனை நாள்ல குழாய்ல இருந்த தண்ணியெல்லாம் கீழ இறங்கியிருக்கும். இப்பக் குழாய் முழுக்கக் காத்துதான். தண்ணி கீழேருந்து ஏற ஏற அது வெளிய போகும். காத்து வருதுன்னா தண்ணி பின்னால வருதுன்னு அர்த்தம்."

அந்தக் காற்றும் நின்றது. தண்ணீர் வரவில்லை. எண்கள் ஏறித்தான் இருந்தன. மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. குழாய் மட்டும் ஊமையாக நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டுப் பசு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மண்ணில் வைத்தது.

கியாரி குழாயில் காதை ஒட்டினார். எழுந்து பெட்டியைப் பார்த்தார். மறுபடி குழாய். ஒரு வார்த்தை பேசவில்லை. கும்போ சற்று நேரம் பொறுத்தாள். எங்கள் பக்கத்தில் கேலி உறவுக்காரர் மௌனமாக இருந்தால் அது கோபம் என்று பொருள். கோபம் என்றால் தலைமுறை தலைமுறையாக வந்த உறவு அந்த இடத்தில் அறுந்தது என்று பொருள். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் குரல் தாழ்ந்ததைக் கேட்டேன்.

"அடிமை... ஏதாவது சொல்லேன். திட்டேன். நான் பண்ணினது தப்புதான், ஆனா இப்படிப் பேசாம இருக்காதே."

கியாரி கையை உயர்த்தி அவளை அமர்த்தினார். தண்ணீர் எங்கேயோ பாதி வழியில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். திடீரென்று அந்தப் பெரிய சிரிப்பு வெடித்தது.

"லவாலி! மோட்டார் பின்பக்கமாச் சுத்துதுடா! ஃபுலானி மடியில உக்காந்து வந்ததில்லையா, அவங்க ஊர்சுத்துற புத்தி ஒட்டிக்கிச்சு, கிணத்தைப் பாத்ததும் வந்த வழியே திரும்பி நடக்குது!"

விஷயம் இதுதான். மோட்டாருக்கு மூன்று கம்பிகள். ஒரு பெரிய திரிகையைச் சுற்றி மூன்று பேர் நின்று, முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள் என்று முறைவைத்துத் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கல் ஒரு பக்கமாகச் சுற்றும். இரண்டு பேர் இடம் மாறி நின்றால் அதே கல் எதிர்ப்பக்கம் சுற்றும். மோட்டாரும் அப்படித்தான். அவசரத்தில் இரண்டு கம்பிகள் இடம் மாறிவிட்டன. பின்பக்கமாகச் சுற்றுகிற பம்பும் தண்ணீரைத் தள்ளத்தான் செய்யும், ஆனால் பலம் இருக்காது. பாதிக் குழாய் வரை ஏற்றிவிட்டு மூச்சு வாங்கும்.

விசையை அணைத்து, பெட்டியின் மின்சாரம் முழுக்க வடிவதற்குக் காத்திருந்தோம். அவசரப்பட்டுத் தொட்டால் அது ஆளையே தூக்கி எறியும். நிழல்கள் நீண்டுகொண்டே போயின. கும்போ சூரியனைப் பார்த்துக் கையை விரித்து, "இரேன், இன்னும் கொஞ்ச நேரம் இரேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். கியாரி இரண்டு கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றித் திருகினார். விசை.

காற்று. மறுபடி காற்று. பிறகு ஒரு இருமல், செம்மண் நிறத்தில் ஒரு கக்கல். அதன் பின்னால் தண்ணீர் தொட்டியின் சிமெண்டுத் தரையில் தடதடவென்று விழுந்தது.

நாக்கு வறண்டு கிடந்த மாடுகளுக்கு எங்கிருந்துதான் அத்தனை குரல் வந்ததோ! கன்றுகளை முதலில் விட்டோம், பிறகு சினைப் பசுக்களை. சூரியன் அடிவானத்தைத் தொடும்வரை பம்பு ஓடியது. ஓட்டம் தளர்ந்து தளர்ந்து கடைசியில் விரல் பருமனில் வந்து நின்றது. வயிறு நிறைய என்று சொல்ல முடியாது. உயிர் நிற்க என்று சொல்லலாம். செவலையை நாலு பேர் தூக்கி நிறுத்தி, வாளியில் கொண்டுபோய்க் காட்டினோம். மூக்கை முழுக்க முக்கிக் குடித்தது.

இருட்டியபின் கும்போவின் காளைகளும் மூட்டைகளோடு வந்து சேர்ந்தன. தொட்டியின் விளிம்பில் கியாரி உட்கார்ந்தார். கும்போ கம்பு உருண்டையைத் தயிரில் கரைத்து ஒரு குடுவை நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடி, அடிமை. நல்லா வேலை செஞ்சே."

கியாரி குடுவையை வாங்கி ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்தார். மீதியை என்னிடம் தள்ளினார். காலிக் குடுவை என்னிடமிருந்து திரும்பியதும் அதைத் தன் கைக்குள் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"இது என் அடிமையோட குடுவை. பிடிச்சு வெச்சுட்டேன். எல்லாரும் சாட்சி."

கும்போ இடுப்பில் கை வைத்து நின்றாள். "வெச்சுக்கோ. தயிரோட உள்ளே வேற என்ன கலந்திருந்ததுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

கியாரி என்னைப் பார்த்தார். நான் மூன்றாமவன், வாயைத் துடைத்துக்கொண்டேன்.